வெயிலுக்காக டயரில் காற்றைக் குறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பலூர் நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி டயர் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர், வீல் அலைன்மென்ட், பேலன்சிங், புது டயர் எல்லாம் பார்க்கிறோம். கடைக்கு வருவது உங்கள் பேப்பர்தான். வண்டி வேலை முடிகிறவரை உட்கார்ந்திருப்பவர்கள் வரி விடாமல் படிப்பார்கள். சென்ற வாரம் கோடைக் குறிப்புகள் பகுதியில் நீர்மோர், நுங்கு, காருக்கு நிழல் துணி என்று நல்ல யோசனைகளாகப் போட்டுவிட்டு, நடுவில் ‘வெயில் காலத்தில் டயர் வெடிக்காமல் இருக்கக் காற்றை நான்கைந்து பாயின்ட் குறைத்து வைக்கவும்’ என்றும் போட்டிருந்தீர்கள். மறுநாளே ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “பேப்பர்லயே போட்டிருக்காங்கண்ணே, 28 வச்சிடுங்க” என்றார். அவர் காருக்குக் கம்பெனி சொல்லியிருக்கும் அளவு 33 பாயின்ட் (பி.எஸ்.ஐ.).

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எது நடக்கக் கூடாது என்று நினைத்து அதை எழுதினீர்களோ, அதையே அது கூட்டிக்கொண்டு வரும்.

இந்த எண்ணம் உங்கள் பேப்பரில் பிறந்ததில்லை, ஊரெல்லாம் இருப்பதுதான். கத்திரி தொடங்கிவிட்டால் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் “வெயில் நேரம், காத்து கொஞ்சம் கம்மியாவே இருக்கட்டும்” என்றுதான் சொல்கிறார்கள். காற்று சூடானால் விரியும், விரிந்தால் டயர் தாங்காது, ஆகவே முன்கூட்டியே கொஞ்சம் இடம் விட்டு வைப்போம் என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டயருக்குள் இருக்கும் காற்றின் சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் கேஜில், அதாவது காற்றழுத்தம் காட்டும் கருவியில், ஏறுவது சுமார் ஒரு பாயின்ட்தான். விடியற்காலையில் 33 வைத்துக் கிளம்பிய டயர், மத்தியான வெயிலில் தார் கொதிக்கக் கொதிக்க ஓடி, காலையில் இருந்ததைவிட முப்பது டிகிரி கூடுதலாகச் சூடேறி வந்தாலும் 38-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதே டயரின் பக்கச் சுவரில் குனிந்து பாருங்கள். அதில் அடிக்கக்கூடிய அதிகபட்சக் காற்று 44 என்றோ 51 என்றோ பொடி எழுத்தில் வார்த்திருக்கும். அதுவும் டயர் ஆறியிருக்கும்போது அடிக்கும் அளவு. ஓடினால் சூடேறும், சூடேறினால் பிரஷர் ஏறும் என்பது டயரைச் செய்தவனுக்குத் தெரியாதா? அதையும் சேர்த்துத்தானே 33 என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

டயரைக் கொல்வது குறைந்த காற்று. ஓடும் டயரில் தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அமுங்கி நிமிர்கிறது. காற்று சரியாக இருந்தால் அந்த அமுக்கம் கொஞ்சம்தான். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி எழும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் கை சுடுகிற அளவுக்குக் காய்ந்துவிடுமே, ரப்பருக்கும் அதுதான் நடக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரணக் காரின் டயர் ஒரு நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுக்கு மேல் சுற்றும். அத்தனை முறை மடங்கி உண்டாகும் சூடு, ரப்பருக்கும் உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட்டுக்கும் நூலுக்கும் உள்ள ஒட்டுதலை விடுவிக்கிறது. ஒட்டு விட்டபின் டயர் பிரிகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ‘டமார்’ என்று வெடித்ததாகத் தெரியும். வெயில் இதற்குத் துணைபோகும், அவ்வளவுதான்.

காற்று இல்லாமல் ஓடிய டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போது பார்த்தால் சந்தேகமே வராது. வெளியே டிரெட், அதாவது ரோட்டைத் தொடும் பள்ளம் போட்ட பகுதி, புதுசு போல இருக்கும். உள்ளே கையை விட்டுத் துழாவினால் கைப்பிடிக் கறுப்புத் தூள் வரும். பக்கச் சுவரின் உள்பக்கத்தில், மடிந்த இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு தேய்மானக் கோடு ஓடும். அங்கே விரலை வைத்து அழுத்தினால் ரப்பர் பிசுபிசுவென்று உள்ளே போகும், சில சமயம் நூல் தெரியும். இப்படிப்பட்ட டயருக்குப் பஞ்சர் போட மாட்டேன் என்று சொன்னால் கஸ்டமருக்குக் கோபம் வருகிறது. “ஒரு ஆணிதானே ஏறியிருக்கு, ஒரு பஞ்சருக்குப் போய்ப் புது டயர் விக்கப் பாக்குறியே?” என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து குச்சியைச் சொருகிக் காற்றடித்து அனுப்பும் கடைகள் வழி நெடுக இருக்கின்றன. அங்கே உள்ளே இருக்கும் தூளை யார் பார்க்கப் போகிறார்கள்?

சூடான டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது இன்னொரு பழக்கம். சென்னையிலிருந்து நிற்காமல் ஓட்டி வந்து இங்கே டீ குடிக்க நிறுத்துகிறவர் சும்மா கேஜ் வைக்கச் சொல்வார். 38 காட்டும். “அய்யோ, அஞ்சு பாயின்ட் ஜாஸ்தி, இறக்கிடு தம்பி” என்பார். இறக்கினால் அது அப்போதைக்கு 33. இரவு மதுரையில் நின்று ஆறி, காலையில் பார்த்தால் 28. பஞ்சரே இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒரு பாயின்ட் தானாகக் குறையும். ஆடி போய் ஆவணியில் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும்போது அது 25-க்கு வந்திருக்கும். டிக்கி நிறைய சாமான், பின் சீட்டில் மூன்று பேர், மடியில் ஒரு குழந்தை. காற்று பார்ப்பது எப்போதும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு, அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். சூடாக இருக்கும்போது ஏறியிருக்கும் காற்றைத் தொடக்கூடாது.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதற்கு என்னைக்கூடக் கேட்க வேண்டாம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் இருக்கும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று பெரும்பாலும் தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். ஆள் நிறைந்தால் பின் டயருக்குக் கூட்டத்தான் சொல்லியிருப்பார்கள், குறைக்கச் சொல்ல மாட்டார்கள். பக்கச் சுவரில் இருக்கும் 44-ஐயோ 51-ஐயோ பார்த்துவிட்டு அவ்வளவையும் அடித்துவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு. நடுவில் மட்டும் தேயும், பிரேக் பிடிமானம் குறையும், பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக டயருக்கே போகும்.

நைட்ரஜன் அடித்தால் இந்தக் கவலையெல்லாம் இல்லை என்று சிலர் நம்புகிறார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். என் கடையிலும் அந்த மெஷின் இருக்கிறது, கேட்டால் அடிப்பேன். ஆனால் நைட்ரஜன் அடித்த டயரையும் மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இனி உங்கள் செய்திப் பக்கத்துக்கு வருகிறேன். ‘டயர் வெடித்து கார் கவிழ்ந்தது’ என்று மாதத்துக்கு எத்தனை செய்தி போடுகிறீர்கள்! எல்லாவற்றிலும் டயர் தானாக வெடிக்கிறது. அதோடு செய்தி முடிந்துவிடுகிறது. 2023 ஜூலை 1-ஆம் தேதி அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் சம்ருத்தி விரைவுச்சாலையில் புல்தானா மாவட்டத்தில் ஒரு தனியார் பஸ் கவிழ்ந்து தீப்பிடித்து 25 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டயர் வெடித்துவிட்டது என்று டிரைவர் சொன்னார், அதுவே செய்தியாக ஓடியது. பின்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அறிக்கை, டயர் வெடித்ததற்கான தடயம் அந்த இடத்தில் இல்லை என்றது. எது நடந்தாலும் டயர் மேல் போட்டுவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அதே வருஷம் பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. 2010-இல் புனேயிலிருந்து மும்பை போகும் வழியில் பின் டயர் வெடித்து கார் பள்ளத்தில் பாய்ந்து ஒருவர் இறந்த வழக்கு. டயர் வெடித்தது தெய்வச் செயல், ஆகவே நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்பது இன்சூரன்ஸ் கம்பெனியின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதிவேகம், குறைந்த காற்று, அதிகக் காற்று, பழைய டயர், வெப்பம் என்று டயர் வெடிக்கப் பல காரணங்கள் உண்டு, கிளம்பும் முன் டயரைப் பார்ப்பது ஓட்டுகிறவரின் பொறுப்பு, இது மனிதரின் கவனக்குறைவு என்று சொல்லி, அந்தக் குடும்பத்துக்குத் தர வேண்டிய 1.25 கோடி ரூபாயை உறுதிசெய்தது. டயர் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பைப் பெரிய எழுத்தில் கடையில் ஒட்டி வைக்கலாம். உங்கள் நிருபர்களிடம் நான் கேட்பதெல்லாம் இதுதான்: அடுத்தமுறை டயர் வெடித்த விபத்து என்று இன்ஸ்பெக்டர் சொன்னால், அது எந்த வருஷத்து டயர், டிரெட் எவ்வளவு மிச்சம் இருந்தது, வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கூடவே கேட்டு எழுதுங்கள். மூன்று வரி கூடுதலாகும்.

எந்த வருஷத்து டயர் என்று கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. முழு எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், சில வண்டிகளில் அந்தப் பக்கம் உள்ளே பார்த்து மாட்டியிருக்கும். அப்போது டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், அல்லது அலைன்மென்டுக்கு வண்டியைத் தூக்கும்போது மெக்கானிக்கையே பார்த்துச் சொல்லச் சொல்லலாம். சென்னையில் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நிற்கும் கார்கள்தான் இதில் ஏமாற்றும். மாதத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடாத வண்டி, டிரெட் அப்படியே இருக்கும், டயருக்கு எட்டு வயது ஆகியிருக்கும். பக்கச் சுவரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பொங்கலுக்கு அதை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிவரை ஒரே மூச்சில் ஓட்டுகிறார்கள். ஐந்து வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வயதைத் தாண்டிய டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். பயன்படுத்தாத ஸ்டெப்னி புதுசு என்று நினைக்கிறார்கள், அதற்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அவசரத்துக்கு எடுத்தால் அதில் காற்றே இருக்காது என்பது வேறு.

எங்கள் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது. டயர் செய்கிற ஊர்க்காரர்கள் என்று பெயர், ஆனால் மொட்டை டயருக்குப் பஞ்சமில்லை. சட்டப்படி கார் டயரில் டிரெட் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. டிரெட்டின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் கதை முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பேன், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. ரோட்டில் நிற்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். அவை ஆழமிழந்தால் டயர் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்காது.

இதில் ஒரு தீராத வாக்குவாதம் எனக்கு. நான்கையும் மாற்றக் காசில்லை, இரண்டு போதும் என்று வருகிறவர்கள் எல்லோரும் புது டயரை முன்னால் போடச் சொல்வார்கள். “ஸ்டீயரிங் முன்னாடிதானே இருக்கு, இன்ஜினும் அங்கதான” என்பார்கள். பின்னால் போடுங்கள் என்றால், பழசை முன்னால் தள்ளி ஏமாற்றுகிறேன் என்று சந்தேகம். மழையில் முன் டயர் வழுக்கினால் காலை எடுத்து வேகம் குறைய விட்டால் வண்டி பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த ரேஸ் ஓட்டுகிறவரால் முடியலாம், நம்மால் முடியாது. டயர் கம்பெனிகளும் இதையே சொல்கின்றன. இவ்வளவும் சொன்ன பிறகு, “சரிண்ணே, நீங்க முன்னாடியே போடுங்க” என்பார்கள்.

பழைய டயர் வியாபாரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளம் கீறி, கறுப்பு பாலிஷ் அடித்து, பாதி விலைக்கு விற்கிறார்கள். ஏற்கெனவே மெலிந்துபோன ரப்பரை இன்னும் கீறினால் அடியில் இருக்கும் ஸ்டீலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் என்ன மிச்சமிருக்கும்? கால் டாக்சி ஓட்டும் தம்பிகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது நல்ல டயர் ஒரு செட்டை மாட்டிக் காட்டிவிட்டு, வந்ததும் கழற்றுவது எங்கள் தொழிலில் ஊரறிந்த ரகசியம். ஹெல்மெட், சீட் பெல்ட் பார்க்கும் போலீஸ்காரர் கார் டயரைக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை.

நம் ஆட்கள் டயரை மதிக்காமல் இல்லை. புது வண்டி எடுத்தால் நேரே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வருவார்கள். மாலை, சந்தனம், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். அன்றைக்கு அத்தனை பேரும் நான்கு டயரையும் குனிந்து பார்க்கிறார்கள். அதற்கப்புறம் பஞ்சரானால்தான் உண்டு.

பங்க்காரர்களும் கொஞ்சம் மனது வைக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாக அடிக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதியிலேயே இருக்கிறது. ஆனால் மெஷின் இருக்கும், ஓஸ் அறுந்திருக்கும். ஓஸ் நன்றாக இருந்தால் பையன் சாப்பிடப் போயிருப்பான். அவன் இருந்தாலும் வருகிற வண்டிக்கெல்லாம் 35 என்று ஒரே அளவை வைப்பான். நெடுஞ்சாலை ஓரத்து பங்க் ஒன்றில் மெஷின் 32 காட்டிய டயரை என் கேஜில் வைத்தால் 27தான் இருந்தது. நல்ல கேஜ் ஒன்று சில நூறு ரூபாய்தான், காருக்குள் போட்டு வைத்துக்கொள்ளலாம். இப்போது வரும் சில கார்களில் டயர் பிரஷரைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. டியூப்லெஸ் டயரும் அந்த வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே தேவையில்லை என்று 2020-இல் விதியும் மாற்றிவிட்டார்கள். திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தால், “அது சென்சார் கோளாறுண்ணே” என்று துண்டுத் துணியால் மறைத்துக்கொண்டு ஓட்டி வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

ஓடும்போது டயர் போய்விட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கியபின் நடக்கும் விபத்துதான் எனக்கு அதிகப் பயம். வலப்பக்க டயரை மாற்ற, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். பின்னால் வரும் லாரி டிரைவருக்கு இரவில் அவர் தெரிவதே இல்லை. வண்டியில் இருப்பவர்களை இறக்கித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நிறுத்துங்கள், முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள், இடம் சரியில்லை என்றால் டயரைத் தொடாமல் 1033-க்கு போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு உதவி எண் அதுதான்.

நெடுஞ்சாலை ஆணையத்துக்கு உங்கள் மூலமாக ஒரு கோரிக்கை. சமயபுரத்திலும் திருமாந்துறையிலும் சுங்கச்சாவடியில் எல்லா வண்டியும் வேகம் குறைத்துத்தான் ஆக வேண்டும். அங்கே ஓரமாக, அளவு சரிபார்த்த காற்று மெஷின் ஒன்றும், டிரெட் ஆழம் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளும் பண்டிகை நாட்களிலாவது இருக்கட்டும். எங்களைப் போன்ற கடைக்காரர்களைக் கூப்பிட்டால் முறைவைத்து வந்து நிற்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
டயர் கடைக்காரர் ஒருவர்,
பெரம்பலூர்.